மங்கலத்துப் பெண்ணும் செவிலியர் கல்லூரியும்

திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள மங்கலம் என்னும் ஊர் நம் அங்கத்தினர்களில் பலருக்கும் அறிமுகமான ஊரேயாகும். ஒருபுறம் தென்னந்தோப்பும் சோளக்காடும். மறுபுறம் விசைத்தறிக் கூடங்கள். பகலில் மட்டுமன்று, இரவிலும் அவ்வூரில் தறியோசை ஓய்வதில்லை. மின்சாரம் தடைப்பட்டுத் தறிகள் நின்றுவிடுமாயின், தொட்டிலில் உறங்கும் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும் என்று அங்குள்ளோர் கூறுவதுண்டு. இதனை வேடிக்கைப் பேச்சென்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், அப்பகுதியிலுள்ள சங்கம் ஒன்றின் ஏடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நகைக்கடன் பேரேட்டைப் புரட்டிவருகையில், கடன் பெறும் நோக்கம் குறிக்கும் பத்தியில் ஓரிடத்தில் நம் விரல் நின்றது. பயிர்ச் செலவு, நூல் வாங்க, கிணற்று மோட்டார் பழுது என்று வழக்கமாகக் காணும் எழுத்துக்களினிடையே, ‘மகள் நர்சிங் படிப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது. செயலாளரை விசாரித்தோம். நான்கு தறிகள் வைத்துக் கூலிக்கு நெசவு செய்யும் அங்கத்தினர் ஒருவர், மனைவியின் கழுத்திலிருந்ததைக் கொணர்ந்து வைத்துப் பெற்ற கடன் அது என்று அவர் கூறினார். “நல்ல மனுசருங்க. வட்டி ஒரு நாள் தவறினதில்லீங்க” என்று ஒரு சொல்லும் சேர்த்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே அந்த அங்கத்தினர் நம்மைத் தேடி வந்துவிட்டார். அவர் வந்தது கடன் பற்றிப் பேசவன்று.

“ஏனுங்க அய்யா, ஒரு ரோசனை கேக்கோணுமுங்க. புள்ளை திரும்பி வந்துடறேன்னு அழுவுதுங்க. சேர்த்து இன்னும் ஒரு மாசங்கூட ஆகலீங்க. கூட்டியாந்துட்டா கட்டுன பணம் திரும்பக் கிடைக்குமுங்களா?”

அவர் உரத்த குரலில் கேட்டார். நாம் தாழ்ந்த குரலில் கூறிய விடை அவர் செவியில் ஏறவில்லை. முப்பதாண்டுகள் தறிகளினிடையே நின்றவருக்குக் காது மந்தமாகியிருந்தது. இரண்டாம் முறை உரக்கக் கூறினோம். பணம் திரும்பக் கிடைப்பது ஒவ்வொரு கல்லூரியின் விதியையும், விலகும் நாளையும் பொறுத்தது. ஆனால் அதனைக் கேட்பதற்குமுன், அந்தப் பெண் எதற்காக அழுகிறாள் என்பதை யாரேனும் கேட்டீர்களா என்றோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “போன்ல பேசினா எனக்கு வெளங்கறதில்லீங்க. அது மெதுவாப் பேசுது. கூட இருக்கறவங்க தூங்கறாங்கன்னு சொல்லுதாமா” என்றார்.

தறிவீட்டில் பிறந்து, சத்தமிட்டே பேசிப் பழகிய ஒரு பெண், விடுதியில் உரக்கப் பேச இயலாமல் முணுமுணுக்கிறாள். இங்கே தந்தைக்கு அழுகை மட்டும் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. நம் கையிலிருந்த ஏடுகளை மூடிவைத்துவிட்டு அவரிடம் ஒன்று கூறினோம். அடுத்த வாரம் இலாகாப் பயிற்சிக்காக நாம் அதே நகருக்குச் செல்லவிருந்தோம். ஞாயிறன்று அவரும் அங்கு வருவாராயின் இருவருமாகச் சென்று பார்க்கலாம் என்றோம். விடுதிகளில் பெற்றோர் தவிர்த்த பிறரைச் சந்திக்க விடமாட்டார்கள் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்குச் சில செய்திகள் கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில், “நர்சு வேலைக்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது? ஊசி போடத் தெரிந்தால் போதாதா?” என்று கேட்போர் நம் சங்கங்களிலும் இல்லாமலில்லை.

செவிலியர் பயிற்சியை ஒரு முறையான கல்வியாக்கிய பெருமை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சாரும். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணிய அவர், 1860 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். முதல் அணியில் சேர்ந்தவர்கள் 15 பேரே. விளக்கேந்திய மாது என்று அவரைப் பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். படங்களில் வரையப்படுவது நம் ஊர் அகல்விளக்கைப் போன்ற ஒன்று. உண்மையில் அவர் ஏந்தியது துருக்கி நாட்டில் வழங்கிய, மடக்கக்கூடிய கூண்டு விளக்கு. விவசாயிகளாகிய நம் அங்கத்தினர்களுக்கு உவப்பான வேறொரு செய்தியும் உண்டு. அவ்வம்மையார் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். எனினும் இந்நாட்டுப் பஞ்சங்களைக் குறித்தும் நீர்ப்பாசனத்தைக் குறித்தும் பல்லாண்டுகள் எழுதிவந்தார். கொள்ளிடத்தில் கீழணையும் கோதாவரியில் தவளேசுவரம் அணையும் கட்டிய சர் ஆர்தர் காட்டன் அவர்களோடு கருத்தொருமித்து, பாசன வாய்க்கால்களுக்காக வாதாடியவர் அவர். நோயாளியின் படுக்கையிலிருந்து வாய்க்கால் வரையில் அவர் சிந்தனை சென்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் மாநிலத்தில் இக்கல்வி வேரூன்றிய வரலாறும் சிறிதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் திண்டிவனத்தில் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியரைக் காக்க அவரை அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் கற்றவரல்லர். மருத்துவராயிருந்த தந்தையை அனுப்புவதாகக் கூறினார். ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900 இல் திரும்பினார். வேலூரில் 1902 இல் 40 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை எழுந்தது. 1909 இல் செவிலியர் பள்ளி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மருத்துவப் பள்ளிக்கு ஒன்பதாண்டுகள் முன்னதாகவே செவிலியர் பள்ளி தோன்றியது கவனிக்கத்தக்கது. 1946 ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு டில்லியிலும் தொடங்கியது. இந்தியாவில் இத்துறைக்குப் பட்டம் வந்தது அன்றுதான். அதற்கு இருபதாண்டுகட்கு முன், 1926 இல், செவிலியரையும் மருத்துவத் தாதியரையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டிருந்தது.

இப்பட்டப்படிப்பு நான்காண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை பயின்று, மொத்தத்தில் 45 விழுக்காடேனும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் விதி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு இதில் தளர்வு உண்டு. வயது 17 நிறைந்திருக்க வேண்டும். 2021 இல் பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டு, ஆண்டுத் தேர்வு போய் அரையாண்டுப் பருவ முறை வந்தது. முதற் பருவத்திலேயே உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலியர் அடிப்படைகள், ஆங்கிலம் என ஆறு பாடங்கள். பயிற்று மொழி ஆங்கிலம். இவ்வொரு சொல்லில்தான் நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் இடறல் நேருகிறது.

நிற்க. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

விடுதியின் முன்புறம் வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பலகைகள் போடப்பட்டிருந்தன. தந்தை இரவுப் பேருந்தில் வந்து, நகர்ப் பேருந்து நிலையத்திலேயே முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு தூக்குப் போசி, அதில் கச்சாயம். மகள் வந்தாள். பதினெட்டு வயதுக்கு மெலிந்த உருவம். நம்மை வணங்கிவிட்டுத் தந்தையின் பக்கத்தில் அமர்ந்தாள். தந்தை பேசவில்லை. ஆகவே நாமே, “சொல்லு அம்மிணி, இங்கே என்ன கஷ்டம்?” என்று கேட்டோம்.

அவள் கூறியவற்றை நம் நடையில் சுருக்கித் தருகிறோம்.

முதல் வாரத்தில் அவளை வருத்தியது உறக்கமின்மை. விடுதியின் அறையில் மூவர். மற்ற இருவரும் விளக்கணைந்ததும் உறங்கிவிட, இவள் மட்டும் விழித்திருப்பாள். ஏனென்று அவளுக்கே பல நாள் விளங்கவில்லை. தறியோசை இல்லாததுதான் காரணம் என்பதை நான்காம் நாள் இரவில் கண்டுகொண்டாளாம். அடுத்த அறையில் மின்விசிறி ஒன்று பழுதாகிக் கடகடவென்று ஓட, அன்றிரவு மட்டும் நன்கு உறங்கினாள். மங்கலத்துக் குழந்தைகளைப் பற்றி நாம் கேள்வியுற்றது வேடிக்கைப் பேச்சன்று என்பதை அப்போது உணர்ந்தோம்.

வகுப்பறையிலோ வேறு தொல்லை. ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவள் அவள். எலும்பு என்றால் அறிவாள். முழங்கை, முட்டி என்றால் அறிவாள். இங்கே அவையெல்லாம் லத்தீன் மொழியிலும் கிரேக்க மொழியிலும் பிறந்த பெயர்களோடு வந்தன. வளர்ந்த மனித உடலின் 206 எலும்புகளும், ஒவ்வொன்றிலுமுள்ள மேடும் பள்ளமும், தனித்தனிப் பெயர் தாங்கி நின்றன. முதற் சிறு தேர்வில் 25க்கு 7 மதிப்பெண்கள் பெற்றாள். வாழ்நாளில் அவள் தோற்றது அதுவே முதல் முறை. அதனை வீட்டில் யாரிடமும் கூறவில்லை. எங்கே கூறுவது? தந்தையிடம் உரக்கக் கூறினால் விடுதி முழுதும் கேட்கும்.

இரண்டாம் வாரத்தில் செய்முறைக் கூடத்தில் பயிற்சிகள் தொடங்கின. கை கழுவுதல் முதற் பாடம். சோப்பும் நீரும் கொண்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என முறையாகத் தேய்த்து 40 முதல் 60 விநாடி வரை கழுவவேண்டும். இதனை ஒரு பாடமாக வைப்பானேன் என்று நகைப்போர், வியன்னா நகரின் கதையைக் கேட்கவேண்டும். 1847 இல் அங்குள்ள பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதைத் தடுத்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். பிரசவக் காய்ச்சலால் மாளும் தாய்மாரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எனினும் அவர் கூற்றை அக்காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. கை அழுக்கு என்று கூறினால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த பாடம் படுக்கை விரித்தல். இதில்தான் நம் பெண் முதன்முதலாகப் பாராட்டுப் பெற்றாள். மெத்தையின்மேல் விரிப்பை இழுத்து, முனைகளைக் கடித உறையின் முனைபோல் 45 பாகைக்கு மடித்துச் செருகவேண்டும். ஒரு சுருக்கமும் இருத்தலாகாது. நகரத்துப் பெண்கள் திணறியபோது, இவள் விரிப்பைக் கையிலெடுத்ததும் அதன் பாவு எது, ஊடை எது என்று விரலாலேயே கண்டு, பாவின் போக்கிலே இழுத்து ஒரே தடவையில் மடித்துவிட்டாள். “துணியை இப்படிப் பிடிக்க எங்கே கற்றாய்?” என்று ஆசிரியை கேட்டாராம். இவளுக்கு விடை கூற வெட்கம். தார் சுற்றியதும் பாவு பிணைத்ததும் பெருமைக்குரிய செய்திகள் என்று அவளுக்கு யாரும் கூறியதில்லை.

இவ்விடத்தில் நெசவாளர்களாகிய நம் அங்கத்தினர்களை ஒன்று நினைக்கும்படி வேண்டுகிறோம். மருத்துவமனையின் விரிப்பும், காயத்தின்மேல் கட்டும் துணியும் எங்கிருந்தோ வருவனவல்ல. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவத் துணி நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கிறது. தறியில் ஓர் இழை அறுந்தால் துணிக்கு வரும் குற்றம் விலையோடு போகும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால், அசையமாட்டாத நோயாளியின் முதுகில் அது புண்ணாகும். ஆகவேதான் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமென்றும், விரிப்பு இழுத்த பாவுபோல் இருக்கவேண்டுமென்றும் விதித்திருக்கிறார்கள்.

மூன்றாம் வாரத்தில் அவர்களை நோயாளர் கூடத்துக்கு அழைத்துச் சென்றனர். அழுகைக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருந்தது. இதனைக் கூறுகையில் அவள் நம்மைப் பாராமல், தூக்குப் போசியின் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள்.

கிராமத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து வீட்டிலேயே பல வாரம் கிடந்தபின் கொண்டுவரப்பட்டவர். அவரைத் திருப்பியபோது இடுப்பின் கீழ் உள்ளங்கையகலப் புண். அதன் வாடை. ஆசிரியை மாணவியரிடம் மெதுவாக விளக்கிக்கொண்டிருக்க, இவள் ஓடிச்சென்று தாழ்வாரத்தின் மூலையில் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது மூதாட்டி இவளைப் பார்த்து, “எங்கிட்ட நாத்தமா வருது கண்ணு? தள்ளியே நில்லு” என்றாராம். அன்றிரவுதான் இவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழுதது. வாடையைத் தாங்க முடியாததற்காக அவள் அழவில்லை. அந்தக் கிழவி தன் முகத்தைப் பார்த்துவிட்டாளே, இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவ்வேலைக்கு நாம் எப்படித் தகுவோம் என்றே அழுதாள். ஊரில் உறவினர் சிலர், “அடுத்தவங்க மலம் அள்ளறதுக்கா நாலு வருசம்?” என்று கேட்டதும் அச்சமயம் நினைவுக்கு வந்திருக்கிறது.

நாம் என்ன கூறுவது? கூட்டுறவுச் சட்டத்தின் பிரிவுகளை விளக்கச் சொன்னால் விளக்குவோம். இதற்கு நம்மிடம் பிரிவில்லை. ஆகவே நம்முடைய அனுபவம் ஒன்றைக் கூறினோம். கோவையில் கல்லூரியிற் சேர்ந்த ஒன்பதாம் நாள், யாரிடமும் கூறாமல் பேருந்தேறி வீட்டுக்குத் திரும்பியவர் நாம். காரணம் இன்றளவும் நமக்குத் தெளிவாகத் தெரியாது. தாயார் ஒன்றும் கேட்கவில்லை. இரவு சோறிட்டார், காலையில் புளிச்சோறு கட்டிக் கையில் கொடுத்து, பேருந்து நிறுத்தம் வரை உடன்வந்தார். பெண் இதைக் கேட்டுச் சிறிது நகைத்தாள். “நீங்க ஆம்பளைங்க சார். நான் அப்படித் திரும்பிப் போனா, அடுத்த மாசமே மாப்பிள்ளை பார்த்துருவாங்க” என்றாள்.

தந்தை இவ்வளவு நேரமும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேளாத செவியினர் உதட்டசைவைப் படித்தறிவது உண்டல்லவா? நேரில் அமர்ந்ததால் அவருக்கு அனைத்தும் விளங்கியிருந்தது. தம் சட்டைப் பையிலிருந்து திரும்பிச் செல்வதற்கான இரண்டு பயணச் சீட்டுக்களை எடுத்துப் பலகைமேல் வைத்தார். மகளையும் அழைத்துச் செல்வதாகவே எண்ணி வந்திருக்கிறார்.

“வர்றதுன்னா வா அம்மிணி. தறி இருக்குது, சோறு இருக்குது. நகை போனாப் போகுது. ஆனா அந்தக் கெழவி இப்ப எப்பிடி இருக்குது?”

இக்கேள்வியை நாம் எதிர்பார்க்கவில்லை. பெண்ணும் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, புண் ஆறத் தொடங்கியிருப்பதாகவும், அதற்கடுத்த முறை கூடத்துக்குச் சென்றபோது, அந்தப் படுக்கையை விரிக்கும் பொறுப்பை ஆசிரியை தன்னிடமே ஒப்படைத்ததாகவும் கூறினாள். மூக்கைச் சுளிக்காமலிருக்க வாயால் மூச்சு விடவேண்டும் என்று மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி சொல்லிக்கொடுத்தாளாம். அது சிறிதளவே பயன்பட்டதென்றாள்.

“செவ்வாய்க்கெழமை மறுபடியும் வார்டு இருக்குது. அது வரைக்கும் பார்க்கறேனுங்கப்பா” என்றாள் முடிவாக.

ஒரு சீட்டு வீணாயிற்று. அதன் பணத்தைத் திரும்பப் பெற அவர் நடத்துநரோடு வாதாடிப் பார்த்தும் பலனில்லை என்று பின்னர் அறிந்தோம்.

இனி, பெண்களையும் பையன்களையும் இப்படிப்புக்கு அனுப்ப எண்ணும் அங்கத்தினர்களுக்கு, அன்று கண்டும் பின்னர் விசாரித்தும் அறிந்த சிலவற்றைக் கூறுவோம். பையன்கள் என்று கூறியதில் வியப்பில்லை. ஆண்களும் இத்துறையில் பயில்கின்றனர்.

எல்லாவற்றினும் முதன்மையானது கல்லூரியின் அங்கீகாரம். இந்திய செவிலியர் மன்றத்தின் ஏற்பும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் ஏற்பும் உள்ள நிறுவனந்தானா என்று பணம் கட்டுமுன் பார்க்கவேண்டும். ‘ஓராண்டில் நர்ஸ்’ என்று சுவரில் எழுதி ஆள் சேர்க்கும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்குப் பெறும் தாளைக் கொண்டு பதிவு பெற்ற செவிலியராக முடியாது. நகையை அடகு வைத்துக் காகிதம் வாங்கிய குடும்பங்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஆகையால் இதனைச் சற்று அழுத்தியே கூறுகிறோம்.

இரண்டாவது, வருகைப் பதிவு. ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகையின்றித் தேர்வெழுத இயலாது. செய்முறைப் பயிற்சியிலோ, பட்டம் பெறுமுன் ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு நூறு நிறைவு செய்தாகவேண்டும். ஆகவே ஊரில் நோம்பி சாட்டியிருக்கிறது, மாமன் வீட்டுக் காதுகுத்து வருகிறது என்று பெற்றோர் அடிக்கடி அழைப்பது அன்பாகாது. முதல் இரண்டு மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது, பத்து முறை வரவழைப்பதைவிட மேலானது. தொலைபேசிக்கு நாள்தோறும் ஒரு நேரம் குறித்துக்கொள்வது நலம். நள்ளிரவில் அழைத்து, ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதால் விளைவது கண்ணீரே.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு அப்பெண் கண்ட வழியைக் கூறலாம். ஒவ்வொரு சொல்லையும் அதன் தமிழ்ப் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, தன் உடம்பிலேயே அவ்வெலும்பைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அறைத்தோழி ஆங்கிலம் அறிந்தவள். ஆனால் துணி மடிக்க வராதவள். இவள் மடிப்புக் கற்றுக்கொடுத்தாள், அவள் உச்சரிப்புக் கற்றுக்கொடுத்தாள். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் சரியாயிருந்தது.

நோயாளர் கூடத்தில் பணிபுரிவோர்க்கு மஞ்சள் காமாலையின் ஒரு வகையான ஹெப்பாடைட்டிஸ் ‘பி’ இரத்தத்தின் வழியே தொற்றக்கூடும். இதற்கு ஆறு மாதத்தில் மூன்று தவணையாகத் தடுப்பூசி உண்டு. கல்லூரியிற் சேர்ந்தவுடனே முதல் தவணையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மாணவியர்க்கு, 2022 செப்டம்பர் 5 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி மாதம் 1,000 ரூபாய் அளிக்கப்பட்டது. நாம் கூறும் பெண்ணும் அதனைப் பெற்றுவந்தாள். வங்கிக் கணக்கில் பெயரெழுத்துப் பிழை இருந்தமையால் முதலிரு மாதங்கள் தாமதமாயிற்று. சான்றிதழ்களில் தந்தை பெயரின் முன்னெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது இதுபோன்ற தொல்லையைத் தவிர்க்கும்.

வேலை கிடைக்குமா என்று கேட்போர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023 இல் உலகெங்குமிருந்த செவிலியர் 2 கோடியே 98 லட்சம் பேர். பற்றாக்குறை 58 லட்சம். இதற்குமேல் நாம் ஒன்றும் கூறவேண்டுவதில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அப்பெண் மங்கலம் வந்திருந்தாள். நாமும் அந்நாட்களில் ஒருநாள் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். தந்தையும் மகளும் வந்தனர். அவள் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அறைத்தோழியிடம் இரவல் பெற்று வந்ததாம். வீட்டில் தந்தைக்குப் பார்க்க முயன்றிருக்கிறாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி, மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால், நாடியின் ஓசை எப்போது தொடங்குகிறது, எப்போது மறைகிறது என்று செவிக்குழல் வழியே கேட்கவேண்டும். கொரட்காவ் என்னும் ருஷ்ய மருத்துவர் 1905 இல் கண்டறிந்து கூறிய முறை இது. தறியோசையில் அதனைக் கேட்பது எங்ஙனம்? தம் தறிகள் நான்கையும் தந்தை நிறுத்தினார். பக்கத்துக் கூடத்துத் தறிகள் ஓடின. ஆகவே சங்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

செயலாளர் கதவைச் சாத்தினார். மேசைமேல் தந்தையின் கையை நீட்டச் சொல்லி, மகள் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். அறுந்த இழையைத் தறியோசையினூடே கேட்டுப் பிடிக்கும் குடும்பத்தின் செவி அது. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். 156, 98. ஒரு தாளில் குறித்துக் கொடுத்தாள்.

“அதிகமா, கம்மியா?” என்றார் தந்தை.

“நான் சொல்லக்கூடாதுங்கப்பா. இன்னும் ஒரு பருவங்கூட முடிக்கலை. இந்தச் சீட்டை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்று அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திக் கூறினாள்.

அதற்குள் வெளியே திண்ணையில் ஏழெட்டு அங்கத்தினர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தனர். செயலாளரும் அவர்களில் ஒருவர். நாமும் ஏடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் சென்று நின்றோம்.